சிப்புக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர்: ஆர்எஃப் ஐசி வடிவமைப்பாளருக்கு முழுமையான வழிகாட்டி

ரேடியோ சிப் ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் எடுத்த படத்தைப் பாருங்கள். டிரான்சிஸ்டர்கள் கண்ணுக்கே தெரியாது. தெரிவதெல்லாம் எண்கோண வளையங்கள்தான். சில இண்டக்டர்கள், சில டிரான்ஸ்ஃபார்மர்கள். சிப்பின் பரப்பை அதிகம் பிடிப்பவையும், பவர் ஆம்ப்ளிஃபயரின் செயல்திறன் எங்கே நிற்கும் என்று முடிவு செய்பவையும் இவைதான்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் பலர் நேராக லேஅவுட்டைத் திறந்து, "ஒன்றுக்கு இரண்டு சுற்று, 150 மைக்ரோமீட்டர் விட்டம்" என்று வரைந்துவிட்டு, கப்ளிங் (இரண்டு சுருள்களுக்கு இடையிலான காந்தப் பிணைப்பு) எவ்வளவு வருகிறது என்று சிமுலேஷனில் பார்க்கிறார்கள். குறைவாக வந்தால் கம்பிகளை இன்னும் நெருக்குகிறார்கள். இங்கே நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கப் போகிறோம். லோடு என்ன, டிரான்சிஸ்டர் எந்த ரெசிஸ்டன்ஸைப் பார்க்க வேண்டும் என்பதை வைத்து, பிரைமரி (டிரான்சிஸ்டர் பக்கச் சுருள்), செகண்டரி (ஆன்டெனா பக்கச் சுருள்) இரண்டின் இண்டக்டன்ஸையும் முதலில் காகிதத்தில் கணக்கிட வேண்டும். சுற்று எண்ணிக்கை, விட்டம், அகலம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எஸ்-பாராமீட்டர், ரெசனன்ஸ், க்யூ ஆகியவை உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டோடு போவோம்: 5.5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் வேலை செய்யும் சிமாஸ் பவர் ஆம்ப்ளிஃபயர். சப்ளை 1.2 வோல்ட். வெளியே 50 ஓம் ஆன்டெனா. ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர வேண்டிய பவர் 100 மில்லிவாட், அதாவது 20 டிபிஎம். ஆம்ப்ளிஃபயர் டிஃபரன்ஷியல் (எதிரெதிராக ஆடும் இரண்டு முனைகள்), ஆன்டெனா சிங்கிள்-எண்டட் (ஒரே முனை, மறுபக்கம் கிரவுண்ட்). இரண்டுக்கும் நடுவில் நிற்பது நம் டிரான்ஸ்ஃபார்மர்.

படி 1: டிரான்ஸ்ஃபார்மர் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள்

நம் எடுத்துக்காட்டில் ஒரே வளையத்தின் தலையில் நான்கு வேலைகள் விழுகின்றன. டிஃபரன்ஷியலை சிங்கிள்-எண்டட் ஆக்கும் பாலன் வேலை முதலாவது. 50 ஓமை டிரான்சிஸ்டருக்குப் பிடித்த சிறிய ரெசிஸ்டன்ஸாக மாற்றுவது இரண்டாவது. பிரைமரியின் நடுப்புள்ளியான சென்டர் டேப் வழியாக டிசி கரண்ட் கொடுப்பது மூன்றாவது. நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை: செகண்டரியின் ஒரு முனை கிரவுண்டில் இருப்பதால், ஆன்டெனா பேடில் விழும் ஈஎஸ்டி (நிலைமின்) அதிர்ச்சிக்கு நல்ல வழி ஒன்று தானாகவே கிடைத்துவிடுகிறது. தனி ஈஎஸ்டி டயோடைச் சிறிதாக்க முடியும். அதன் கெப்பாசிட்டன்ஸும் குறையும்.

வேலை மாறினால் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்பதன் பொருளே மாறும். இரண்டு ஆம்ப்ளிஃபயர் கட்டங்களுக்கு நடுவில் அகன்ற அலைவரிசை வேண்டுமென்றால், கப்ளிங்கை (கே) வேண்டுமென்றே 0.3 அளவில் வைப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே அதிர்வெண்ணில் டியூன் செய்தால், மைய அதிர்வெண்ணை √(1+கே), √(1−கே) ஆகியவற்றால் வகுத்துக் கிடைக்கும் இரண்டு இடங்களில் சிகரங்கள் வரும். 28 கிகாஹெர்ட்ஸில் கே 0.3 என்றால் அவை சுமார் 24.6, 33.5 கிகாஹெர்ட்ஸில் விழும். அங்கே 0.8 கப்ளிங் கொண்டுவந்தால் ஒரு சிகரம் எங்கேயோ ஓடிவிடும். அதனால் "கப்ளிங் எவ்வளவு உயர்வோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 2: இழப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் அதிகபட்சச் செயல்திறனை மூன்று எண்கள் முடிவு செய்கின்றன: கப்ளிங் கே, பிரைமரியின் க்யூ, செகண்டரியின் க்யூ. மூன்றையும் இப்படி ஒரே எண்ணாக்கலாம்:

ப = கே² × க்யூ1 × க்யூ2

அதிகபட்சச் செயல்திறன் = ப ÷ (1 + √(1 + ப))²

இரண்டு பக்கமும் சரியாக டியூன் செய்து, லோடையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் கிடைக்கும் உச்ச வரம்பு இது. எண்களைப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். இரண்டு க்யூவும் 10, கே 0.7 என்றால் செயல்திறன் 75 சதவீதம், இழப்பு 1.24 டெசிபல். கேயை 0.9 ஆக ஏற்றினால் 80 சதவீதம், இழப்பு 0.96 டெசிபல். அதற்குப் பதில் கே 0.8-இல் நிற்க, க்யூவை 10-இலிருந்து 15-க்கு ஏற்றினால் 78 சதவீதம் 85 ஆகிறது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். கப்ளிங்குக்கு ஆசைப்பட்டு, செகண்டரியைக் கீழே உள்ள மெல்லிய உலோக அடுக்கில் பிரைமரிக்கு நேர் அடியில் வைக்கிறோம் என்று கொள்வோம். கே 0.9 கிடைக்கும். ஆனால் மெல்லிய உலோகத்தால் அந்தப் பக்கத்தின் க்யூ 5-க்கு இறங்கிவிட்டால் செயல்திறன் 73 சதவீதம்தான். இரண்டு சுற்றும் தடிமனான மேல் அடுக்கிலேயே இருந்து, கே வெறும் 0.7 ஆக இருந்தபோது வந்த 75-ஐ விட இது குறைவு. கப்ளிங்கைத் துரத்தி க்யூவை இழப்பது நட்டக் கணக்கு.

படி 3: இண்டக்டன்ஸைக் கணக்கிடுங்கள்

வடிவமைப்பின் உயிர்நாடி இந்தப் படிதான். நிதானமாகப் போவோம்.

தடிமனான காப்பர் மேல் அடுக்கு கொண்ட ஒரு சிமாஸ் பிராசஸில், 5.5 கிகாஹெர்ட்ஸில் இரண்டு பக்கமும் க்யூ 12, கே 0.75 எதிர்பார்க்கலாம். தொடக்கத்துக்கு இது நியாயமான ஊகம். ப = 0.5625 × 144 = 81. செயல்திறன் 80 சதவீதம். ஏறக்குறைய 1 டெசிபல் இழப்பு. ஆக, ஆன்டெனாவில் 100 மில்லிவாட் வேண்டுமென்றால் டிரான்சிஸ்டர்கள் 125 மில்லிவாட் தர வேண்டும்.

டிரான்சிஸ்டர் பக்கம் வருவோம். 1.2 வோல்ட் சப்ளையில் 0.3 வோல்ட் நீ-வோல்ட்டேஜுக்கு (டிரான்சிஸ்டர் சரியாக வேலை செய்ய அதன் மேல் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வோல்ட்டேஜ்) போனால், ஒரு பக்கம் 0.9 வோல்ட் ஆடலாம். டிஃபரன்ஷியலாக உச்சம் 1.8 வோல்ட். 125 மில்லிவாட் வர வேண்டுமென்றால் டிஃபரன்ஷியல் ரெசிஸ்டன்ஸ் = 1.8² ÷ (2 × 0.125) = சுமார் 13 ஓம்.

இப்போது ஒரு பக்கம் 50 ஓம், இன்னொரு பக்கம் 13 ஓம். இரண்டு பக்கமும் இணைக் கெப்பாசிட்டரால் டியூன் செய்கிறோம். இந்த ஏற்பாட்டில் இழப்பு குறைந்தபட்சமாக இருக்க, இரண்டு பக்கத்தின் க்யூவும் ஏறக்குறைய சமமாகவும் கே × க்யூ ஒன்றைவிட நன்றாகப் பெரிதாகவும் இருந்தால், ஒரே எளிய விதி இரு பக்கத்துக்கும் பொருந்தும்:

சுருளின் (பிரைமரி அல்லது செகண்டரி) ரியாக்டன்ஸ் = ரெசிஸ்டன்ஸ் × கே ÷ (1 + கே²)

கெப்பாசிட்டரின் ரியாக்டன்ஸ் = ரெசிஸ்டன்ஸ் × கே

கே 0.75-க்கு முதல் விதியின் பெருக்கி 0.48. கே 0.6-இலிருந்து 0.9 வரை எங்கே இருந்தாலும் இந்தப் பெருக்கி 0.44-க்கும் 0.5-க்கும் நடுவில்தான் நிற்கும். அதனால் கே பற்றிய ஊகம் கொஞ்சம் தவறினாலும் இண்டக்டன்ஸ் கணக்கு பெரிதாகக் கெடாது. கப்ளிங்கை முதலில் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

செகண்டரி: 50 × 0.48 = 24 ஓம். 5.5 கிகாஹெர்ட்ஸில் இது 0.69 நானோஹென்றி. கெப்பாசிட்டர் சுமார் 0.77 பிக்கோஃபாரட்.

பிரைமரி: 13 × 0.48 = 6.24 ஓம். 0.18 நானோஹென்றி. கெப்பாசிட்டர் சுமார் 3 பிக்கோஃபாரட்.

இந்தக் கெப்பாசிட்டர் மதிப்புகளுக்குள் எல்லாமே அடக்கம். செகண்டரியின் 0.77-இல் பேட், ஈஎஸ்டி, சுற்றின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸ் எல்லாம் போகத்தான் மீதியைக் கெப்பாசிட்டராகப் போட வேண்டும். பிரைமரியின் 3-இல் டிரான்சிஸ்டர்களின் டிரெய்ன் கெப்பாசிட்டன்ஸ் கணிசமான பங்கு. அது 3-ஐத் தாண்டிவிட்டால் இண்டக்டன்ஸைக் குறைத்துச் சமாளிக்க வேண்டிவரும், கொஞ்சம் செயல்திறனும் போகும். டிரான்சிஸ்டரின் அளவு முடிவாகும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டு வையுங்கள்.

படி 4: வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. ஒன்று, இரண்டு சுற்றும் ஒரே அடுக்கில் பின்னிக்கொண்டு போவது. இன்னொன்று, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவது.

பின்னிய வடிவத்தில் இரண்டுமே தடிமனான உலோகத்தில் இருக்கும். க்யூ நன்றாக வரும், சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் குறைவு. கப்ளிங் சுமாராக 0.7 முதல் 0.8 வரை. அடுக்கிய வடிவத்தில் கப்ளிங் 0.9-ஐத் தொடலாம், பரப்பும் குறைவு. ஆனால் கீழ்ச் சுற்றின் க்யூ குறையும், கெப்பாசிட்டன்ஸ் ஏறும். உங்கள் பிராசஸில் இரண்டு தடிமனான அடுக்குகள் இருந்தால் அடுக்கிய வடிவம் நல்ல தேர்வாகிவிடும். ஒன்றுதான் என்றால் பின்னியதே மேல்.

இண்டக்டன்ஸ் விகிதம் நமக்கு 0.69 ÷ 0.18, அதாவது சுமார் 3.85. வர்க்கமூலம் ஏறக்குறைய 2. ஒன்றுக்கு இரண்டு சுற்று என்று கணக்கு தானே சொல்கிறது. ஆனால் சுற்று விகிதத்தின் வர்க்கம் அப்படியே இண்டக்டன்ஸ் விகிதமாகக் கிடைக்காது. அடுத்த படியில் அது தெரியும்.

படி 5: விட்டமும் அகலமும்

கைக்கணக்குக்கு வீலர் 1928-இல் தந்த சூத்திரத்தை, தட்டையான சுருள்களுக்கு ஏற்றபடி ஸ்டான்ஃபோர்டு குழுவினர் 1999-இல் மாற்றியமைத்தார்கள். எண்கோணச் சுருளுக்கு, விட்டத்தை மைக்ரோமீட்டரிலும் இண்டக்டன்ஸைப் பிக்கோஹென்றியிலும் வைத்தால்:

இண்டக்டன்ஸ் = 2.83 × சுற்று² × சராசரி விட்டம் ÷ (1 + 3.55 × நிரப்பு விகிதம்)

சராசரி விட்டம் என்பது வெளி விட்டம், உள் விட்டம் இரண்டின் சராசரி. நிரப்பு விகிதம் என்பது அவற்றின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது.

வெளியே செகண்டரியின் ஒரு சுற்று, நடுவில் பிரைமரி, உள்ளே செகண்டரியின் இரண்டாம் சுற்று என்று அடுக்குவோம். செகண்டரி அகலம் 8, பிரைமரி அகலம் 12, இடைவெளி 3 மைக்ரோமீட்டர். செகண்டரி 0.69 நானோஹென்றி வர, சராசரி விட்டம் 122 ஆக வேண்டும். அதாவது வெளி விட்டம் 156, உள் விட்டம் 88 மைக்ரோமீட்டர்.

இதே அமைப்பில் பிரைமரியின் சராசரி விட்டமும் 122. சூத்திரத்தில் போட்டால் 0.256 நானோஹென்றி வருகிறது. நமக்கு வேண்டியதோ 0.18. கிடைத்த விகிதம் 2.7 மட்டுமே. செகண்டரியின் இரண்டு சுற்றுகளும் ஒன்றுக்கொன்று தள்ளி இருப்பதால் அவற்றின் காந்தப்புலம் முழுமையாகக் கூடுவதில்லை, அதனால் நான்கு மடங்கு கிடைக்காது.

இப்படியே விட்டால் என்ன ஆகும்? டிரான்சிஸ்டர் பார்க்கும் ரெசிஸ்டன்ஸ் 13-க்குப் பதில் சுமார் 18.4 ஓம். 1.8 வோல்ட் ஆட்டத்தில் 125-க்குப் பதில் 88 மில்லிவாட். 1.5 டெசிபல் பவர் காணாமல் போகிறது. டிரான்ஸ்ஃபார்மரின் இழப்பு இதில் ஒரு துளியும் கூடவில்லை. அதன் செயல்திறனை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு இந்தக் குறை கண்ணிலேயே படாது.

பிரைமரியை அகலமாக்கினால் சரியாகுமா? 12-ஐ 20 ஆக்கினாலும் 0.24-க்குத்தான் இறங்குகிறது. சரியான வழி, பிரைமரியை இரண்டு வளையங்களாக்கி இணையாகச் சேர்ப்பது. வெளியிலிருந்து உள்ளே செகண்டரி, பிரைமரி, செகண்டரி, பிரைமரி என்று வரிசை அமையும். உள்ளே வரும் இரண்டாம் வளையம் சிறியது என்பதால் மொத்த பிரைமரி இண்டக்டன்ஸ் நன்றாக இறங்கும். அகலத்தையும் இடைவெளியையும் நகர்த்தி 0.18-இல் கொண்டுவந்து நிறுத்தலாம். கூடவே இரண்டு நன்மைகள்: பிரைமரியின் ரெசிஸ்டன்ஸ் குறைகிறது, செகண்டரியின் உள் சுற்றை இரண்டு பக்கமும் பிரைமரி அணைத்துக்கொள்வதால் கப்ளிங்கும் கூடுகிறது. குறுக்கே கடக்கும் இடங்கள் அதிகமாகும். அங்கே கீழ் அடுக்கை வயாக்களால் (உலோக அடுக்குகளை இணைக்கும் சிறு தூண்கள்) அடர்த்தியாகத் தைத்துக்கொள்ளுங்கள்.

அகலத்தைத் தீர்மானிக்க ஸ்கின் டெப்த்தை (உயர் அதிர்வெண் கரண்ட் உலோகத்துக்குள் இறங்கும் ஆழம்) நினைவில் வையுங்கள். காப்பரில் 5.5 கிகாஹெர்ட்ஸில் அது 0.88 மைக்ரோமீட்டர். கரண்ட் சுற்றின் ஓரங்களில்தான் கூடி ஓடும். 8-ஐ 16 ஆக்கினால் ரெசிஸ்டன்ஸ் பாதியாகாது. ஆனால் சப்ஸ்ட்ரேட்டோடு கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய இரட்டிப்பாகும். பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணில் 8 முதல் 12 மைக்ரோமீட்டருக்கு மேல் போவதில் க்யூவுக்குப் பெரிய லாபம் இல்லை. அதற்கு மேல் அகலம் கேட்பது டிசி கரண்ட் மட்டும்தான்.

அந்த டிசி கரண்ட்டையும் பார்த்துவிடுவோம். கிளாஸ்-பி (ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் பாதிச் சுழற்சி மட்டும் கரண்ட் கடத்தும் முறை) கணக்குப்படி, முழுப் பவரில் சென்டர் டேப் வழியாக சுமார் 175 மில்லிஆம்ப் போகும். பிரைமரியின் ஒவ்வொரு பாதியிலும் அதில் பாதி. சிப்பைத் தயாரிக்கும் ஃபவுண்ட்ரி தரும் விதிப் புத்தகத்தில், உங்கள் சிப் வேலை செய்யும் உச்ச வெப்பநிலைக்கு எலக்ட்ரோமைக்ரேஷன் (அதிகக் கரண்ட்டால் உலோக அணுக்கள் மெல்ல நகர்ந்து கம்பி கெடுவது) வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். சுற்றுக்கு மட்டும் பார்த்தால் போதாது. கடப்பு இடங்களின் மெல்லிய உலோகமும் வயாக்களும்தான் முதலில் மாட்டும்.

படி 6: கீழே இருக்கும் சிலிக்கான்

சாதாரண சிமாஸ் சப்ஸ்ட்ரேட்டின் ரெசிஸ்டிவிட்டி சுமார் 10 ஓம்-சென்டிமீட்டர். சுற்றிலிருந்து மின்புலம் இதற்குள் இறங்கி இழப்பை உண்டாக்கும். இதைத் தடுக்க, பல கீற்றுகளாக வெட்டிய கிரவுண்ட் ஷீல்டை அடியில் போடும் முறையை ஸ்டான்ஃபோர்டின் யூவும் வாங்கும் 1998-இல் விரிவாக விளக்கினார்கள். கீற்றுகள் சுற்றின் கரண்ட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், எங்கேயும் மூடிய வளையமாகிவிடக் கூடாது. இந்த ஷீல்டு மின்புலத்தை மட்டுமே நிறுத்தும். காந்தப்புலம் அதைத் தாண்டிப் போய்விடும். அதனால் சப்ஸ்ட்ரேட்டில் சுழலும் எடி கரண்ட் இழப்புக்கு இது மருந்தில்லை. ஷீல்டு சேர்க்கும் கெப்பாசிட்டன்ஸால் சுய ரெசனன்ஸ் அதிர்வெண்ணும் இறங்கும். 5.5 கிகாஹெர்ட்ஸில் போட்டுப் பார்ப்பது பயனுள்ளது. 28 கிகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் நான் போடமாட்டேன்.

டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில் டிரான்சிஸ்டரோ அடர்த்தியான கம்பியோ வேண்டாம். சுற்றிலும் கிரவுண்ட் வளையம் போட்டால் ஒரு இடத்திலாவது வெட்டிவிடுங்கள், அல்லது அது மூடியிருப்பதன் விளைவைச் சிமுலேஷனில் சேர்த்துவிடுங்கள். மூடிய வளையம் என்பது மூன்றாவது சுற்று, அதுவும் ஷார்ட் செய்யப்பட்ட சுற்று. இண்டக்டன்ஸைக் குறைத்துவிடும்.

படி 7: சென்டர் டேப்பும் சமச்சீரும்

பாலன் வேலையில் பலரும் சறுக்கும் இடம் இது. பிரைமரி சமச்சீரானது. செகண்டரி அப்படி இல்லை: ஒரு முனை கிரவுண்ட், மறு முனையில் முழு வோல்ட்டேஜ். சுற்றுகளுக்கு இடையிலான கெப்பாசிட்டன்ஸ் வழியாக, பிரைமரியின் இரண்டு பாதிகளுக்கும் வெவ்வேறு அளவு கரண்ட் பாய்கிறது. விளைவு, இரண்டு டிரான்சிஸ்டர்களும் வெவ்வேறு லோடைப் பார்க்கின்றன. ஒன்று முன்னதாகவே திணறிவிடும்.

சிமுலேஷனில் இரண்டு டிரெய்ன்களிலும் தெரியும் லோடைத் தனித்தனியாகப் பாருங்கள். வீச்சு வித்தியாசம் 0.5 டெசிபலுக்குள்ளும், ஃபேஸ் வித்தியாசம் 180-இலிருந்து 5 டிகிரிக்குள்ளும் இருந்தால் எனக்குப் போதும். தாண்டினால் சென்டர் டேப்பை நடுவிலிருந்து சில மைக்ரோமீட்டர் நகர்த்திப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு டிரெய்னில் மட்டும் சிறு கெப்பாசிட்டர் சேர்க்கலாம். செகண்டரியின் கிரவுண்ட் முனை எந்த கிரவுண்டில் சேருகிறது என்பதும் முக்கியம். ஆன்டெனா பேடின் கிரவுண்டுக்கு அது நேராகப் போக வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் சோர்ஸ் கிரவுண்டோடு நீளமான பொதுப் பாதை இருந்தால், அது ஃபீட்பேக் ஆகிவிடும்.

சென்டர் டேப்பில் இன்னொரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது. இரட்டைப்படை ஹார்மோனிக் கரண்ட்கள் எல்லாம் அந்தப் புள்ளி வழியாகத்தான் போகும். பாண்ட் வயர் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நானோஹென்றி. இரண்டாம் ஹார்மோனிக்கான 11 கிகாஹெர்ட்ஸில் அது 69 ஓம். அதனால் சென்டர் டேப்புக்குப் பக்கத்திலேயே, சிப்பின் மேலேயே டிகப்ளிங் கெப்பாசிட்டர் வேண்டும். டேப்பிலிருந்து அந்தக் கெப்பாசிட்டர் வரை போகும் கம்பியையும் சிமுலேஷனுக்குள் சேருங்கள். காமன்-மோடில் ஸ்டெபிலிட்டியைத் தனியாகச் சோதியுங்கள். டிஃபரன்ஷியலில் அமைதியாக இருக்கும் சர்க்யூட் காமன்-மோடில் ஊசலாடத் தொடங்கிவிடலாம்.

படி 8: எலக்ட்ரோமேக்னடிக் சிமுலேஷன்

கைக்கணக்கு உங்களைச் சரியான தெருவில் கொண்டுபோய் விடும், வீட்டை அடையாளம் காட்டுவது ஃபீல்டு சால்வர். ஈஎம்எக்ஸ், மொமென்டம், எச்எஃப்எஸ்எஸ், சானெட் எல்லாமே இந்த வேலையைச் செய்யும். எதை எடுத்தாலும் கவனிக்க வேண்டியவை ஒன்றுதான்.

உலோகத்தைத் தடிமனோடு மாதிரியாக்குங்கள். 3 மைக்ரோமீட்டர் தடிமனும் 3 மைக்ரோமீட்டர் இடைவெளியும் இருக்கும்போது, பக்கச் சுவர்களுக்கு இடையே ஓடும் கெப்பாசிட்டன்ஸும் கப்ளிங்கும் சிறியவை அல்ல. தாள் போலத் தட்டையாக வைத்தால் இரண்டும் தவறும். ஓரங்களில் மெஷ் ஸ்கின் டெப்த்தைப் பிடிக்கும் அளவு நுணுக்கமாக இருக்கட்டும்.

அதிர்வெண் எல்லையை டிசியிலிருந்து தொடங்குங்கள். மேலே குறைந்தது மூன்றாம் ஹார்மோனிக், அதாவது 16.5 கிகாஹெர்ட்ஸ் வரை வேண்டும். இன்னும் மேலே போனால் நல்லது. டிசி புள்ளி இல்லாமல் எஸ்-பாராமீட்டர் ஃபைலை சர்க்யூட்டில் போட்டால், பயாஸ் கரண்ட் போகும் பாதையின் ரெசிஸ்டன்ஸை சிமுலேட்டர் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகம் எதிர்மறை எண்ணாகக்கூட வரலாம்.

வெப்பநிலையையும் மாற்றுங்கள். காப்பரின் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25-இலிருந்து 105 டிகிரிக்குப் போனால் டிசி ரெசிஸ்டன்ஸ் 31 சதவீதம் கூடும். ஸ்கின் விளைவு ஆளும் இடத்தில் ஏசி ரெசிஸ்டன்ஸ் அதன் வர்க்கமூலத்தைப் பின்பற்றி, சுமார் 15 சதவீதம் ஏறும். பவர் ஆம்ப்ளிஃபயர் சூடான இடத்தில்தான் வாழ்கிறது. 25 டிகிரி க்யூவை நம்பி இறங்கினால் ஏமாற்றம் நிச்சயம்.

முடிவுகளைப் படிக்கும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. கேயை இசட்-பாராமீட்டர்களின் கற்பனைப் பகுதிகளிலிருந்து எடுப்போம். சுய ரெசனன்ஸை நெருங்கும்போது அந்தக் கணக்கு அர்த்தமிழந்து, கே ஒன்றைத் தாண்டியதாகக்கூடக் காட்டும். அதனால் காந்தக் கப்ளிங்கை ஒரு கிகாஹெர்ட்ஸ் போலக் குறைந்த அதிர்வெண்ணில் பாருங்கள். வேலை செய்யும் அதிர்வெண்ணில் பார்க்க வேண்டியது அதிகபட்சக் கிடைக்கும் கெயின். அது நேரடியாக இழப்பைச் சொல்லிவிடும். கே, க்யூ என்று பிரித்துப் பார்க்கும் அவசியமே வராது. சுய ரெசனன்ஸ் வேலை அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்கட்டும் என்பது என் வழக்கம்.

உரிமக் கட்டணம் கட்ட முடியாத மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. பெர்க்லியில் உருவான அசிட்டிக் என்ற இலவசக் கருவி சுருள்களுக்கென்றே எழுதப்பட்டது. ஓப்பன்ஈஎம்எஸ் என்ற திறந்த மூல சால்வரும் உண்டு. ஜெர்மனியில் உள்ள ஐஹெச்பி நிறுவனத்தின் 130 நானோமீட்டர் சிலிக்கான்-ஜெர்மேனியம் பிராசஸின் டிசைன் கிட் இன்று திறந்த மூலமாகவே கிடைக்கிறது. அதன் மேல் அலுமினிய அடுக்கு 3 மைக்ரோமீட்டர் தடிமன். ஸ்கைவாட்டரின் 130 நானோமீட்டர் திறந்த பிராசஸில் மேல் அடுக்கு 1.26 மைக்ரோமீட்டர்தான். டிரான்ஸ்ஃபார்மர் பழக முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள எல்லாக் கணக்கையும் அதில் அப்படியே செய்து பார்க்கலாம், அலுமினியத்துக்கு ஏற்றபடி க்யூவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

படி 9: சர்க்யூட்டோடு சேர்த்து மறுபடியும்

சால்வர் தந்த எஸ்-பாராமீட்டரை டிரான்சிஸ்டர்களோடு சேர்த்து, கெப்பாசிட்டர்களை மறுபடி டியூன் செய்யுங்கள். கெப்பாசிட்டரின் க்யூவையும் உண்மையான மதிப்பில் வைக்க மறக்காதீர்கள். பிரைமரியின் 3 பிக்கோஃபாரட்டில் பெரிய கரண்ட் சுற்றி ஓடுகிறது. ஸ்விட்ச் வைத்த கெப்பாசிட்டர் வரிசை என்றால் அதன் இழப்பு டிரான்ஸ்ஃபார்மரின் இழப்போடு போட்டி போடும். டிரான்சியன்ட் சிமுலேஷனுக்கு எஸ்-பாராமீட்டரை விட, அதற்குப் பொருத்திய எளிய ஆர்-எல்-சி மாதிரி நம்பகமானது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இண்டக்டர், ரெசிஸ்டர், கப்ளிங் கே, நான்கைந்து கெப்பாசிட்டர்கள் போதும்.

படி 10: டேப்-அவுட்டுக்கு (சிப்பைத் தயாரிப்புக்கு அனுப்புவதற்கு) முன்

உலோக அடர்த்தி விதிக்காக ஃபவுண்ட்ரி தானியங்கியாகப் போடும் டம்மி துண்டுகள், சுற்றுக்கு இடையிலும் அடியிலும் விழுந்தால் கெப்பாசிட்டன்ஸும் எடி கரண்ட்டும் கூடும். தடை அடுக்கை டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி வரைந்துவிடுங்கள். அடர்த்தி விதி அதற்கு இடம் தராவிட்டால், டம்மிகளை நீங்களே சிறு சிறு துண்டுகளாக, சுற்றிலிருந்து தள்ளி வைத்து, அவற்றோடு ஒருமுறை சால்வரை ஓட்டுங்கள். அகலமான உலோகத்தில் ஸ்லாட் கேட்கும் விதி இருந்தால், ஸ்லாட் கரண்ட் ஓடும் திசையிலேயே நீளட்டும். லேஅவுட் பாராசிட்டிக் எடுக்கும் கருவி டிரான்ஸ்ஃபார்மரை மறுபடி எண்ணிவிடாமல், எல்லை எங்கே என்று தெளிவாகக் குறித்துக்கொடுங்கள். சால்வருக்கும் அந்தக் கருவிக்கும் நடுவில் ஒரு கம்பித் துண்டு இரண்டு முறை எண்ணப்படுவதும், ஒரு முறைகூட எண்ணப்படாமல் போவதும் அடிக்கடி நடக்கும். பிரைமரியின் 180 பிக்கோஹென்றிக்கு முன்னால் 20 பிக்கோஹென்றி பிழை என்பது பதினொரு சதவீதம்.

பவர் போதாவிட்டால்

100 மில்லிவாட்டுக்குப் பதில் ஒரு வாட்டுக்கு மேல் வேண்டுமென்றால் ஒரே டிரான்ஸ்ஃபார்மரின் உருமாற்ற விகிதத்தை ஏற்றிக்கொண்டே போவது பலன் தராது. பல சிறிய ஆம்ப்ளிஃபயர்களின் பிரைமரிகளை ஒரே செகண்டரியோடு கோத்து, வோல்ட்டேஜ்களைத் தொடராகக் கூட்டும் முறை உண்டு. கால்டெக்கில் ஆவோகியும் ஹாஜிமிரியும் உள்ளிட்ட குழு 2002-இல் வெளியிட்ட டிஸ்ட்ரிபியூட்டட் ஆக்டிவ் டிரான்ஸ்ஃபார்மர் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் வாட் அளவிலான பவரை முழுக்க சிமாஸுக்குள்ளேயே கொண்டுவர முடியும் என்று அது காட்டியது. படி 3-இன் கணக்கு அங்கேயும் செல்லும். 50 ஓமைக் கோத்த பிரைமரிகளுக்குள் பங்குபோட்டு, ஒவ்வொரு பங்குக்கும் தனியாகப் போட வேண்டும்.

படி 11: சிப் திரும்பி வந்த பிறகு

டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியாக ஒரு டெஸ்ட் ஸ்ட்ரக்சராக, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தீர்கள் என்றால் இப்போது மகிழ்வீர்கள். கிரவுண்ட்-சிக்னல்-கிரவுண்ட் புரோப் பேடுகளோடு, பேடு, கம்பி ஆகியவற்றின் விளைவை அளவீட்டிலிருந்து கழிக்க உதவும் ஓப்பன், ஷார்ட் என்ற இரண்டு டீ-எம்பெடிங் ஸ்ட்ரக்சர்களும் அதே சிப்பில் இருக்க வேண்டும். 180 பிக்கோஹென்றியை அளக்கும்போது பேடிலிருந்து சுற்று வரை போகும் கம்பியின் இண்டக்டன்ஸ் அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல. ஷார்ட் ஸ்ட்ரக்சர் அந்தக் கம்பியை அப்படியே பிரதிபலிக்க வேண்டும். நான்கு போர்ட் அனலைசர் இல்லாவிட்டால், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை முதுகோடு முதுகாக இணைத்து அளந்து, வரும் மொத்த இழப்பை (டெசிபலில்) இரண்டால் வகுக்கலாம். இழப்பு ஓரளவு தெரியும். சமச்சீரின்மை மட்டும் இதில் மறைந்துவிடும்.

அளவு சிமுலேஷனோடு ஒத்துப்போகாவிட்டால் இண்டக்டன்ஸை முதலில் பாருங்கள். அது சரியாக இருந்து க்யூ மட்டும் குறைந்திருந்தால் உலோகத் தடிமன், வெப்பநிலை, வயா ரெசிஸ்டன்ஸ் ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். இண்டக்டன்ஸே தவறியிருந்தால் கிரவுண்ட் திரும்பும் பாதையை சால்வரில் எப்படி வரைந்தீர்கள் என்று திறந்து பாருங்கள். சுய ரெசனன்ஸ் மட்டும் கீழே இறங்கியிருந்தால் டம்மி துண்டுகளையும், சுற்றுகளுக்கு நடுவே நிரம்பியிருக்கும் மின்கடத்தாப் பொருளின் தடிமனையும் சரிபார்க்க வேண்டும்.